பித்தப்பை கிழியாமல்

குன்வோர் என்ற பெயரை ஆஸ்லௌக் முதலில் கேட்டது தம்பி டோர்ஸ்டைன் வாயிலிருந்துதான். "அக்கா, படகுத் துறையில குன்வோர்னு ஒருத்தி காட் மீனை என்னைவிட வேகமா ஆயுறா" என்று வந்து நின்றான். மறு வருஷமே அவளைக் கட்டிக்கொண்டான்.

அந்தக் குன்வோருக்கு ஐம்பத்திரண்டு வயதில் எலும்பெல்லாம் வலி. நாத்தனார் சும்மா இருப்பாளா? நார்வேயின் லோஃபோட்டன் தீவு வீடுகளில் எந்த வலிக்கும் முதல் மருந்து மீன் ஈரல் எண்ணெய். "ஒரு கரண்டி பத்தாதுடி, மூணு குடி" என்று ஆஸ்லௌக் பக்கத்தில் நின்று ஊற்றினாள். வலி போகவில்லை. தீராத தாகம் வந்தது, சிறுநீரகத்தில் கல் வந்தது, கடைசியில் மீன் தொட்டியைத் தூக்கும்போது மணிக்கட்டே முறிந்தது.

ரத்தத்தில் கால்சியம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. எண்ணெயிலுள்ள வைட்டமின் டி கால்சியத்தை ஏற்றும் என்று ஊர் டாக்டர் அதை நிறுத்தச் சொன்னதும் ஆஸ்லௌக் அழுத அழுகை! ஆனால் நிறுத்தி இரண்டு மாதமாகியும் கால்சியம் இறங்கவில்லை. ட்ரொம்சோ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், மூவருமே போனார்கள்.

அங்கே அறுவை டாக்டரம்மா கழுத்தைத் தடவினார். விரலுக்குக் கல்லாய் ஒரு கட்டி.

"தைராய்டை ஒட்டி, கால்சியத்தை ஆட்டிவைக்கிற குட்டிச் சுரப்பி இது. ரத்தத்துல இதோட சுரப்பு பல மடங்கு ஏறியிருக்கு, எலும்புல இருக்கிற கால்சியத்தை உருவி ரத்தத்துல விடுது. புற்றுநோய்னு சந்தேகப்படறேன்."

"சந்தேகத்துக்கா அறுப்பீங்க? ஊசி குத்திப் பாருங்க" என்றான் டோர்ஸ்டைன்.

"குத்த மாட்டேன். உறை கிழிஞ்சா உள்ளே இருக்கிறது சிதறி மறுபடி முளைச்சிடும். சுத்தியிருக்கிற சதையோட முழுசா எடுக்கணும். குரல் நரம்பு ஒட்டியிருந்தா அதுவும் போகும்."

டோர்ஸ்டைன் முகம் செத்துப்போனது. குன்வோர் அவன் பக்கம் திரும்பினாள். "முப்பது வருஷமா மீன் ஆயுறே. பித்தப்பை கிழிஞ்சா மீன் என்னாகும்?"

"கசந்துபோகும்."

"அப்புறம் என்ன? வீட்ல கத்துறதுக்கு அண்ணி இருக்காங்களே. முழுசா எடுங்க டாக்டர்."

நரம்பு ஒட்டித்தான் இருந்தது, எடுத்துவிட்டார்கள். பின்னால் வந்த பரிசோதனை முடிவும் புற்றுநோய் என்றே சொன்னது. உறை மட்டும் கிழியவில்லை. அறுவைக்கு மறுநாளே, கால்சியத்துக்குக் காய்ந்து கிடந்த எலும்புகள் ரத்தத்திலிருந்து அதை உறிஞ்ச, குன்வோரின் விரல்கள் மரத்து இழுத்துக்கொண்டன. இப்போது கால்சியம் ஏற்ற வேண்டியிருந்தது.

"இப்போ ஒரு கரண்டி எண்ணெய் கொடுக்கலாமா?" என்று கரண்டியும் கையுமாக டாக்டரிடம் மெல்லக் கேட்டாள் ஆஸ்லௌக்.

படுக்கையிலிருந்து காற்றாய் ஒரு குரல் வந்தது: "அண்ணி, முதல்ல அந்தக் கரண்டியைக் கீழே வைங்க."

ஆறு வருஷமாகிறது. நோய் திரும்பியதா என்று பார்க்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குன்வோர் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறாள். இப்போதும் அதே துறையில், கம்மிய குரலோடு, மீன் ஆய்கிறாள்.