வெளுத்ததும் அணைந்த சிவப்பு விளக்குகள்

மகளுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. அடிப்பாகம் பிய்கிறதா, தோல் வெடிக்கிறதா என்று மெஷினில் மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். சத்துவாச்சாரியிலிருந்து தினமும் காரில் போய்வந்துகொண்டிருந்தவள், அலுத்துப்போய் அங்கேயே ஒரு சின்ன வீடு பார்த்துவிட்டாள். மார்கழியில் குடிபோகக் கூடாது என்று நான்தான் நிறுத்திவைத்தேன். தையில் ஒரு திங்கட்கிழமை நாள் நன்றாக இருந்தது. ஏழரைக்கு ராகு காலம். அதற்குள் புது வீட்டில் பால் பொங்கிவிட வேண்டும். அதனால்தான் இருட்டோடு கிளம்பினோம்.

நான் பாடம் நடத்தும் பள்ளியில் லீவு சொல்லிவிட்டேன். கணவருக்கு அரக்கோணத்தில் டூட்டி, லீவு கிடைக்கவில்லை. சாமான் ஏற்ற ஒரு குட்டி யானை வண்டி பேசியிருந்தோம். ஓட்டிவந்தவர் ஆம்பூர்க்காரர், நாற்பது வயது இருக்கும், பாய் என்றே கூப்பிட்டோம். பீரோவை ஏற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாம்மா உள்ள, கல்லு வெச்சிருக்கீங்களா?"

"புடவைதான் பாய்."

"கட்டுறவங்க ஒருத்தர், தூக்குறவங்க நாலு பேரா?"

காரின் பின்சீட்டில் மெத்தையை மடித்துத் திணித்ததில் பின்கண்ணாடி முழுக்க அடைந்துபோனது. முன்சீட்டில் மிக்ஸி, துணிப் பைகள். எனக்கு அதில் இடம் இல்லை. பால் தூக்கும், காமாட்சி விளக்கும், உப்பு மஞ்சள் கட்டிய பையுமாக நான் குட்டி யானையில் ஏறிக்கொண்டேன். என் பக்கத்துக் கதவு உள்ளிருந்து திறக்காது, வெளியே வந்து அவர்தான் திறந்துவிட வேண்டும் என்றார். கண்ணாடியும் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

"பின்னாடியே வாங்க பாய்," என்றாள் மகள். "அம்மா கண்ல இருந்து நான் மறைஞ்சா அவ்ளோதான். போன் மேல போன் வரும்."

அது வேடிக்கைக்குச் சொன்னது இல்லை. அவள் கல்லூரி விடுதியில் இருந்த காலத்திலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நான் கூப்பிட்டால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் வார்டனைக் கூப்பிடுவேன், அறைத்தோழியைக் கூப்பிடுவேன். ஒருமுறை குளித்துக்கொண்டிருந்தவளை, சோப்பு நுரையோடு கதவைத் திறக்க வைத்திருக்கிறேன். அப்புறம் அவள் பழகிக்கொண்டாள். சாப்பிடும்போது எடுப்பாள், மீட்டிங்கில் எடுத்து, "அப்புறம்" என்று ஒரு சொல் சொல்லி வைப்பாள். வண்டி ஓட்டும்போதும் எடுப்பாள்.

வேலூரைத் தாண்டும் வரை ஒன்றும் இல்லை. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் விளக்கு வெளிச்சத்தில் பனி புகை மாதிரி ஓடியது. அதைக் கடந்ததும் பாலாற்றுப் பக்கமிருந்து மொத்தமாக வந்து மூடிக்கொண்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் போகும் காரின் இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டும்தான். அவற்றைப் பார்த்துக்கொண்டே மடியில் தூக்கைப் பிடித்திருந்தேன்.

"ஆம்பூர்ல பால் கிடைக்காதுன்னு யாரும்மா சொன்னது?" என்றார் பாய். "பிரியாணி ஜாஸ்திதான், அதுக்காகப் பாலே இல்லாம போய்டுமா?"

"எங்க பால்காரர் கறந்து குடுத்தது பாய். முதல்ல இதுதான் பொங்கணும்."

"பொங்கட்டும், பொங்கட்டும்."

அந்தக் கார் விளக்கைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பகலில் வண்டி விளக்கு எரிந்தால் ஊரே சும்மா விடாது. எதிரில் வருகிறவர் விரல்களை விரித்து மூடிக் காட்டுவார். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு கை விரியும், பஸ் ஜன்னலிலிருந்து ஒரு கை விரியும். கார் வந்த புதிதில் மகள் இரண்டு முறை விளக்கை அணைக்க மறந்து, சத்துவாச்சாரியிலிருந்து பழைய பஸ் நிலையம் வரை இந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே போனோம். எனக்கு மானம் போனது. அப்போதுதான் ஸ்டியரிங் பக்கத்து விளக்குத் திருகை 'ஆட்டோ' என்ற இடத்தில் வைத்தாள். "இருட்டானா அதுவே போட்டுக்கும், விடிஞ்சா அதுவே அணைச்சிக்கும்மா. இனிமே யாரும் கை காட்ட மாட்டாங்க." நல்லதாகப் போயிற்று என்றேன். அதற்குப் பிறகு அந்தத் திருகை யாருமே தொட்டதில்லை.

மாதனூர் நெருங்கும்போது பொழுது வெளுத்தது. வெளுத்தால் பனி விலகும் என்று நினைத்திருந்தேன். கறுப்பாக இருந்தது சாம்பலாகி, சாம்பல் வெள்ளையாகியது, அவ்வளவுதான். இருட்டில் விளக்குகளாவது தெரிந்தன. இப்போது எந்தப் பக்கம் பார்த்தாலும் சுண்ணாம்பு அடித்த சுவர்.

அப்போது அந்த இரண்டு சிவப்பும் ஒன்றாக அணைந்தன.

கார் தள்ளிப் போய் மங்கவில்லை. திரும்பியதாகவும் தெரியவில்லை. இருந்தவை இல்லாமல் போயின.

"பாய், லைட்டு."

"ஆமாம்மா. ஃபியூஸ் போயிருக்கும்."

"எங்க போனா அவ?"

"முன்னாடிதான் போவும். எங்க போய்டப் போவுது?"

பள்ளத்தில் இறங்கியிருந்தால்? நடுத் தடுப்பில் ஏறியிருந்தால்? "நிறுத்துங்க பாய்," என்றேன்.

"எங்கம்மா நிறுத்துறது? பின்னாடி பாருங்க."

பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு கன்டெய்னர் லாரியின் விளக்குகள் மேலும் கீழுமாக நான்கு மஞ்சள் வட்டங்களாக ஒட்டிக்கொண்டு வந்தன. லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அந்தச் சத்தத்தில் என் காலடியில் இருந்த காமாட்சி விளக்கு தகரத்தில் தட்டி ஆடியது. நிறுத்த முடியாது. ஒதுங்கினால் ஓரத்தில் என்ன நிற்கிறது என்று தெரியாது. கதவு திறக்காது. கையை நீட்டிக் காட்டலாம் என்றால் கண்ணாடி பாதிதான் இறங்கும். வலது பக்கம் கியர், இடது பக்கம் கதவு, மடியில் பால். முன்னால் என் பெண் இருக்கிற இடத்தில் வெறும் வெள்ளை.

கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். உன் பின்விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவளுடைய பெயரைத் தொட்டால் போதும்.

தொட முடியவில்லை. கூப்பிட்டால் எடுப்பாள். இரண்டாவது மணிக்குள் எடுப்பாள். ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து விட்டு, துணிப் பைகளுக்கு நடுவில் எங்கேயோ அடித்துக்கொண்டிருக்கும் போனைத் துழாவுவாள், கண்ணும் அங்கேதான் போகும். எடுக்காமல் இருக்க அவளுக்குத் தெரியாது. நான் அப்படி வளர்த்து வைத்திருக்கிறேன். கட்டைவிரலைப் போனுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அவளை எட்டிப் பிடித்துவிட்டால் போதும். பின்னால் வேறு எதுவும் அவள் மேல் வந்து மோதாமல் நாங்கள் நடுவில் இருந்துவிடலாம்.

"சீக்கிரம் போங்க பாய். ரொம்ப தூரம் போய்ட்டா."

"எனக்கே ரோடு தெரியலம்மா."

"கொஞ்சம் போங்க. பிடிச்சிடலாம்."

பாய் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அழுத்தினார். கன்டெய்னரின் ஹாரன் சற்றுப் பின்தங்கியது. எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

போன் அடித்தது. அவள்தான். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"அம்மா, எங்க இருக்க? சைடு கண்ணாடில உங்க வண்டியே தெரியல. நான் ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்து ஸ்லோ பண்ணிட்டேன், நீங்க வர்ற வரைக்கும்..."

"ஸ்லோ பண்ணாதடி! உன் லைட்டு எரியல!"

"எரியுதும்மா. முன்னாடி பளிச்சுன்னு இருக்குது."

"பின்னாடி எரியல!"

"ஆட்டோல இருக்குதும்மா, அதுவே..."

"கையால போடு! கையால போடுடி!"

திருகும் சத்தம் கேட்டது என்று சொல்வேன். அது கேட்டிருக்க முடியாது. ஆனால் அந்தச் சிவப்பு இரண்டும் எரிந்தன. தூரத்தில் இல்லை. எங்கள் முகத்துக்கு நேராக எரிந்தன. பாய் "யா அல்லா" என்று காலால் மிதித்தார். பின்னால் பீரோ வந்து எங்கள் முதுகுத் தகரத்தில் இடித்தது. தூக்கின் மூடி பறந்து, பால் முழுவதும் என் புடவையில், பாதத்தில், கியரில். வண்டி குலுங்கி நிற்பதற்குள் காரின் பின்கண்ணாடியில் அடைந்திருந்த மெத்தையின் பூக்களை நான் பார்த்துவிட்டேன். ஊதா நிறப் பூ. நான் தேர்ந்தெடுத்த உறை.

கன்டெய்னர் வலது பக்கம் விலகி, எங்களை உரசாமல், நீளமாக ஊளையிட்டுக்கொண்டு போனது. கார் நிற்காமல் ஊர்ந்து முன்னே நகர்ந்தது. போனில் அவள், "அம்மா? அம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மேல் மோத இருந்தது லாரி இல்லை. அவளுடைய பீரோவையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு, நான் உட்கார்ந்து, நான் விரட்டச் சொன்ன வண்டி.

சர்வீஸ் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக ஒதுங்கினோம். மகள் ஓடிவந்து என் பக்கத்துக் கதவை வெளியிலிருந்து திறந்தாள். அவள் திறக்கும் வரை நான் கைப்பிடியை இழுத்துக்கொண்டே இருந்தேனாம்.

"பால் கொட்டிடுச்சா?" என்றாள்.

பாய்தான் சொன்னார். "பொங்கிடுச்சும்மா. ஆம்பூர் வர்றதுக்கு முன்னாடியே பொங்கிடுச்சு." சொல்லிவிட்டு அவரே சிரிக்கப் பார்த்தார். பீடி பற்ற வைக்க மூன்று குச்சி செலவானது. பங்க்காரர் வந்து இங்கே பற்ற வைக்காதே என்று விரட்டினார்.

புது வீட்டை அடைந்தபோது ராகு காலம் நடந்துகொண்டிருந்தது. "ஒன்பது வரைக்கும் வெளியவே உக்காரலாமா?" என்று மகள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். ஈரப் புடவை காலில் ஒட்டி, புளித்த வாடை வர ஆரம்பித்திருந்தது. "இப்பவே வை," என்றேன். எதிர்க் கடையில் பாக்கெட் பால் வாங்கிவந்தாள்.

பால் சூடாகும்போது அவள் சொன்னாள். காரின் முன்கண்ணாடி மேல்பக்கம் அந்த ஆட்டோ விளக்குக்கு ஒரு சின்னக் கண் இருக்கிறதாம். "இருட்டா வெளிச்சமான்னுதான் அது பார்க்கும்மா. தெரியுதா தெரியலையான்னு பார்க்காது. பனி வெள்ளையா இருந்துச்சா, விடிஞ்சிடுச்சுன்னு அணைச்சிடுச்சு. முன்னாடி இருக்குற சின்ன லைட்டு மட்டும் எப்பவும் எரியும். அதை நம்பிட்டேன்." அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். பால் பொங்கி வழிந்தபோது நாங்கள் இரண்டு பேருமே நெருப்பைக் குறைக்க மறந்துவிட்டோம்.

கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னேன். "இனிமே வண்டி ஓட்டும்போது என் போனை எடுக்காத."

"நிஜமாவா?"

"எடுக்காத."

சொல்லிவிட்டேன். அவள் எடுக்காதபோது இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் காலையில் பனி இறங்கினால் வகுப்பில் கரும்பலகைக்குத் திரும்பும்போது கை நின்றுவிடுகிறது. வெள்ளைச் சுவரை அதிக நேரம் பார்க்க முடிவதில்லை.

போன சனிக்கிழமை அவள் வந்தாள். கிளம்பியிருப்பாள் என்று தெரிந்தும் கூப்பிட்டேன். மணி அடித்தது. இரண்டு, மூன்று, நான்கு. முழுவதும் அடித்து ஓய்ந்தது. வீட்டுக்குள் இருக்க முடியாமல் கேட்டுக்கு வந்தேன். மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அவள் அலுவலகத்து எண்ணைத் தேடி எடுத்து, திரும்பவும் போனை மூடினேன். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருவில் போகிற பெண் ஒருத்தி, "இன்னாக்கா, யாருக்காவது காத்திருக்கீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நல்ல வெயில். தெருமுனையில் காய்கறி வண்டிக்காரர் சட்டென்று கையைத் தூக்கி விரல்களை விரித்து மூடி விரித்துக் காட்டினார். அடுத்து இஸ்திரிக்காரர் காட்டினார். பகலில் எரியும் யாருடைய விளக்குக்கு என்று எனக்குத் தெரிந்தது. கார் இன்னும் எங்கள் தெருவுக்குள் திரும்பவில்லை. நான் கம்பியை விடாமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.