ஜன்னல் கம்பியில் கட்டிய நூல்

வலது கை நீண்ட ஊசியை மெத்தைக்குள் குத்தி இறக்கியது. இடது கை அடியில் துழாவி அதன் முனையைப் பிடித்து இழுத்தது. கடைசி வரிசை. விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

போன ரமலானில் அவள் காய்ச்சலில் விழுந்து ஏழு நோன்பை விட்டிருந்தாள். விட்டதை அடுத்த ரமலானுக்குள் நோற்றுத் தீர்க்க வேண்டும். பஞ்சு அடிக்கிறவளுக்குத் தொண்டை சீக்கிரம் வறண்டுவிடும். அதனால் தள்ளித் தள்ளி, மாதம் ஒன்று, இரு மாதத்துக்கு ஒன்று என்று நோற்று வந்தாள். ஒன்று முடிந்தால் ஜன்னல் கம்பியில் கட்டிய நூலில் ஒரு முடிச்சு. இன்றையது ஏழாவது என்றுதான் நினைப்பு. அடுத்த ரமலானுக்கு முன்னால் மிச்சமிருக்கும் இரண்டு நாளும் உடம்பைக் கிடத்தலாம்.

மெத்தை பக்கத்துத் தெருக் கொத்தனாருக்கு. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர், தரையில் கிடந்து முதுகெல்லாம் புண். அவர் மனைவி எதுவும் கேட்கவில்லை. இவள்தான் தன் மெத்தையைப் பிரித்து அந்தப் பஞ்சை அடித்தாள்.

நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்தாள். கம்பி வெறுமையாக இருந்தது.

"அண்ணி, இங்க கட்டியிருந்த நூலு எங்க?"

நோன்பு மாதத்துக்காக ஒட்டடை அடித்துக்கொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்தாள். "அந்த அழுக்குக் கயிறா? நேத்து காலையிலயே அவுத்துக் கீழ போட்டேனே."

"கீழ பஞ்சுல்ல குவிச்சு வச்சிருந்தேன்."

அண்ணி மெத்தையைப் பார்த்தாள். "அப்ப உன் கணக்கு மேலதான் அந்த மனுஷன் படுக்கப்போறாரு."

"சிரிக்காதீங்க. இது ஆறா ஏழான்னு இப்ப எனக்கே தெரியல."

"பிரிச்சுப் பாரேன்."

பிரித்தால் பஞ்சு முழுவதையும் உதற வேண்டும். திரும்பத் திணித்துத் தைத்து முடிக்க நாளை மாலையாகிவிடும். பிரிக்காவிட்டால் சந்தேகத்துக்கு இன்னொரு நோன்பு. கத்தரியை எடுத்து, தையல் ஓரத்தில் வைத்துப் பார்த்தாள்.

வாசலில் தள்ளுவண்டி நின்றது. கொத்தனாரின் மனைவி உள்ளே வந்தாள். "முடியலன்னா நாளைக்கு வர்றேன்க்கா. உங்க முகமே வாடிக் கெடக்கு."

"ராத்திரி தூங்குறாரா?"

"எங்கக்கா. புரண்டு படுக்கக்கூடப் புண்ணு விட மாட்டேங்குது."

கத்தரி ஊசிப் பெட்டிக்குள் போனது.

"அண்ணி, நாளைக்கு விடியுமுன்ன சஹர் சாப்பாட்டுக்கு என்னை எழுப்பிவிடுங்க," என்றாள். பிறகு குனிந்து மெத்தையின் ஒரு முனையைத் தூக்கினாள். "அந்தப் பக்கம் பிடிம்மா. நடுவுல மடக்காத, புதுத் தையல்."