முப்பது முட்டையும் எலியேசர் தலையும்

வீயாவிசென்சியோ ஊர்ச் சந்தையில கறிக்கடை வச்சிருக்கிற எலியேசருக்கு வயசு அம்பத்திரெண்டு. எட்டு வருஷமா வீட்டுல பிளேன் ஓட்டுறாரு. கம்ப்யூட்டர்லதான். சமையக்கட்டு நாற்காலிய விட்டு எந்திரிக்காமலே உலகத்த நாப்பது சுத்து சுத்தியாச்சு. பொண்டாட்டி நெல்சி சாப்பிடக் கூப்பிட்டா, "இரு, அமேசானைத் தாண்டிட்டு வர்றேன்"பாரு. சூப்பு ஆறி ஐஸாயிடும்.

நிஜ பிளேன்ல ஏறினப்பதான் வண்டவாளம் தெரிஞ்சுது. ஓட்டச் சொல்லிக்குடுக்கிற யுர்லெய்டிக்கு வயசு இருபத்தேழு, வாய்க்கு மட்டும் அறுபது. எந்த சுவிட்ச எப்பத் தட்டணும், ரேடியோவுல என்ன சொல்லணும், எல்லாம் எலியேசருக்குத் தலைகீழா அத்துப்படி. ஆனா டயல் முள்ளு கொசு அளவு நகந்தாலும் கைப்பிடிய வெடுக்குனு இழுப்பாரு. பிளேன் தவளையாட்டம் தாவும். ஒருநாள் எதுக்க கழுகு வந்துச்சு. இவரு கை எதையோ தடவுது.

"என்ன தேடுறீங்க, எலியேசர் ஐயா?"

"கம்ப்யூட்டர்ல இருக்குமே, நிறுத்தி வைக்கிற பட்டன், டீச்சரம்மா!"

அன்னைக்கே அவ சட்டம் போட்டுட்டா. அவ மடியில முப்பது முட்டை. ஒண்ணுகூட உடையாம எறக்கினா, அப்பவே தனியாப் பறக்கலாம். மூணு தடவை ஆம்லெட்தான் ஆச்சு.

"இதான் கடைசி. இன்னைக்கும் உடைஞ்சா நாற்காலிக்கே போயிடுங்க. என் பேண்ட்ட ஊர் நாயெல்லாம் மோந்து பாக்குது."

மேல போனதும் தொப்பியக் கழட்டி டயலையெல்லாம் மூடிட்டா. "வெளிய பாருங்க. மிச்சத்த உங்க பின்பக்கம் சொல்லும்."

"எட்டு வருஷமா அது வாயே தொறக்கலையே!"

"நாற்காலி குலுங்கினாத்தானே அது பேசும்? கறிக்கத்தியையும் இப்பிடித்தான் கழுத்த நெரிக்கிற மாதிரி பிடிப்பீங்களா?"

"ச்சேச்சே, கத்தி தன் பாட்டுக்கு எறங்கணும்."

"அப்ப இதையும் எறங்க விடுங்க."

கைய லேசா விட்டாரு. ரெண்டே விரல். பிளேன் எறங்கினது ஓடுதளத்துக்கே தெரியல. ஓரத்துல மேஞ்ச மாடு ஒண்ணும் தல தூக்கல.

யுர்லெய்டி எண்ணினா. முப்பது. "போங்க, தனியாப் போயிட்டு வாங்க"ன்னு முட்டையோட எறங்கிட்டா.

எலியேசர் ஒத்தையா ஒரு சுத்து சுத்தி, பூப்போல எறங்கினாரு. கதவத் தொறந்தா, பிளேன் பள்ளிக்கூடத்து ஆளுங்க, வேடிக்கை பாக்க வந்த நெல்சின்னு மொத்தப் பேரும் அந்த முட்டைங்களோட வரிசையா நிக்கிறாங்க. மொதத் தடவை தனியாப் பறந்தவனுக்கு அங்க முட்டைக் குளியல்தான் மரியாதை. மொத முட்டை நெல்சியோடது.

"இது ஆறிப்போன சூப்புக்கு!"

அடுத்தது அமேசானுக்கு. முப்பதும் தலையிலதான். கண்ணுல வழிஞ்ச மஞ்சக்கருவத் தொடச்சுக்கிட்டு எலியேசர் கேட்டாரு:

"ஏன் டீச்சரம்மா, ஒரு பத்து முட்டையாவது மேலயே உடைஞ்சிருக்கக் கூடாதா?"