ஆட்டுக்குப் போன சக்கை

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிம்மதியாக விட்டுவிட்டு வந்தவன் நார்ச்சத்தைப் பற்றி எழுதி யார் திருந்தப் போகிறார்கள் என்று மொபைலைக் கவிழ்த்தும் வைத்துவிட்டேன். ஆனால் சாரல் தொடங்கினால் வாழைத்தண்டுச் சாற்றின் துவர்ப்பு தானாக என் நாக்கில் ஏறிவிடுகிறது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டோரம் எங்கள் வீடு. அப்பா பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கும் "லோடுமேன்". பகலெல்லாம் முட்டைக்கோசும் கத்தரியும் சுமக்கிற மனிதர், வீட்டுக்கு வந்தால் காய்கறியின் முகத்தில் விழிக்க மாட்டார். "அந்த நாத்தத்த இங்கனயும் கொண்டாராத" என்பார். அதனால் எங்களுக்கு ராத்திரிக்குப் பரோட்டாவும் சால்னாவும்தான்.

அதன் பலன் காலையில் தெரியும். விடியுமுன் சந்தைக்குப் போகிற டெம்போ வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். அப்பா கக்கூஸில் இருப்பார். நான் கதவருகே நின்று, "எப்பா, எல்லாரும் ஏறியாச்சு, நீங்க இன்னும் பேச்சுவார்த்தையிலயே இருக்கியளே" என்பேன். "ஏலே, வெளிய வந்தேன்னா முதுகு பிஞ்சிரும்" என்று உள்ளேயிருந்து முனகல் வரும். டெம்போவை அடிக்கடி தவறவிட்டால் அவர் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டுச் சோறு அந்த டெம்போவில்தான் ஏறிப் போய் வந்துகொண்டிருந்தது.

ஒரு சாரல் காலத்தில் அப்பாவுக்கு ரத்தம் போனது. மூலம் என்றார் டாக்டரம்மா. சாப்பாட்டில் நார்ச்சத்தே இல்லை, வாழைத்தண்டு, கீரை, கொய்யா எல்லாம் தினமும் உள்ளே போக வேண்டும் என்றார். அம்மா வழியெல்லாம் அதை முணுமுணுத்து மனப்பாடம் செய்தாள். ஆனால் நோயாளிக்குப் பல்லில் தட்டுப்படுகிற எதையும் கொடுப்பது எங்கள் வீட்டில் அவமானம். தண்டை இடித்து, கீரையை அரைத்து, கொய்யாவைக்கூட விட்டுவைக்காமல், வெள்ளை வேட்டித் துணியில் பிழிந்து, தெளிந்த சாற்றை டம்ளரில் நீட்டுவாள்; அடியில் மிஞ்சுகிற துவர்ப்பு எனக்கு. துணியில் மிஞ்சிய "சக்கை"யைப் பக்கத்து வீட்டு மேரியக்காவின் ஆட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. அப்பா சாற்றைக் குடித்துவிட்டுக் கக்கூஸில் உட்கார்ந்திருப்பார். ஆடு வெளியே எந்தக் கவலையும் இல்லாமல் உதிர்த்துக்கொண்டே நடக்கும்.

"ஏட்டி, ஒன் வீட்டுக்காரரு மருந்து குடிக்கக் குடிக்க எங்க ஆடுல்லா தேறுது" என்பாள் மேரியக்கா.

ரத்தம் நிற்காமல் மறுபடி போனபோது டாக்டரம்மா கேட்டார்: "சக்கைய என்னம்மா செஞ்சீங்க?"

"ஆட்டுக்குப் போட்டேன் டாக்டரம்மா."

"அந்தச் சக்கையிலதாம்மா நார்ச்சத்து பூரா இருக்கு. அதுதான் குடல்ல தண்ணியப் பிடிச்சு வச்சு மலத்த இளக்கும். சுகரும் சட்டுனு ஏறாது."

அப்பா என்னைத்தான் முறைத்தார், ஏதோ நானும் ஆடும் கூட்டுச் சேர்ந்து சதி செய்ததைப் போல.

ஆபரேஷன் வரை போயிற்று. அதற்குப் பிறகு கீரையைக் கீரையாகவே வைத்தாள் அம்மா. கொஞ்சநாள் தின்றார், பிறகு தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். கனம் தூக்கக்கூடாது என்றதையும் கேட்காமல் மூட்டை தூக்கினார்; பழையபடி வந்துவிட்டது. டெம்போவில் வேறு ஆள் ஏறிவிட்டான். சில வருஷம் கழித்து அந்த இடம் எனக்கு வந்தது.

இப்போது ஆடு இல்லை. மேரியக்கா வீடு இருந்த இடத்தில் சீசனுக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ். வேட்டித் துணியும் போயிற்று, வடிகட்டி மிக்சியோடேயே வந்துவிட்டது. நான் சுமக்கிற முட்டைக்கோசு எல்லையிலிருக்கிற புளியறை தாண்டிக் கேரளாவுக்குப் போகிறது. நான் பரோட்டாவுக்காகப் புளியறையோடு நின்றுவிடுகிறேன்.

இன்று காலை எனக்கும் ரத்தம் வந்தது. வெளியே ஹாரன். அப்பா கதவருகே வந்து நிற்பது தெரிந்தது. பழைய பாக்கியெல்லாம் சேர்த்துக் கிண்டலடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் வாசலுக்குப் போய், டெம்போ ஓட்டுகிற என் கூட்டாளி இசக்கியிடம், "கொஞ்சம் பொறுடே, வந்துருவான்" என்று சொன்னது மட்டும் கேட்டது.

எழுதி முடித்ததும் இதை இசக்கிக்குத்தான் அனுப்பினேன். பதில் வந்தது:

"படிச்சேன்லே, சாயங்காலம் புளியறைக்கு வருதியா, வழக்கம்போல நாலு பரோட்டா சொல்லிரவா?"