வெந்நீர் அக்கா

அவளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளம் போடுகிற ஆள் ஒருவரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் வேலை செய்த லாட்ஜின் சலவைப் பிரிவில் எல்லாருக்கும் அவள் வெந்நீர் அக்கா. தொண்டை கரகரக்கிறது என்று போய் நின்றால், வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி என்பாள். மூக்கடைப்பா, ஆவி பிடி. வயிறு மந்தமா, வெந்நீரை வாய் வாயாகக் குடி. நாளெல்லாம் நின்று போர்வை மடித்துக் குதிகால் விண் விண்ணென்று தெறிக்கிறதா, பேசினில் வெந்நீரை ஊற்றிக் காலை விட்டுக்கொண்டு உட்கார். "மாமியார் வாய்க்கு ஏதாவது வைத்தியம் இருக்கா அக்கா?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "சூடா ஒரு டம்ளர் குடு. நாக்கு வெந்து ரெண்டு நாளைக்குப் பேசாது" என்றாள்.

அவளை அரைகுறை வைத்தியச்சி என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் போ என்பதையும் அவளேதான் சொல்லுவாள், அதட்டிச் சொல்லுவாள். ஆனால் மனிதர்களுக்கு வேண்டியதுதானே காதில் ஏறும்? வெந்நீர் மட்டும் நிலைத்துவிட்டது.

அந்த வெந்நீரைக் காட்டவே கூடாத ஆள் ஒருவர் அவள் வீட்டிலேயே இருந்தார். அவள் கணவர். சோபாவுக்குக் குஷன் அடிக்கிறவர். சின்னச் சின்ன ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். கைவேலை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை. எந்த நேரத்தில் எதைச் சொல்லுவார் என்று அவருக்கே தெரியாது. சர்க்கரை நோய் வந்து பல வருடம் ஆகி, பாதம் இரண்டும் மரத்துப் போயிருந்தன. முள் குத்தினாலும் தெரியாது, நெருப்பை மிதித்தாலும் தெரியாது.

"வலிதான் நமக்குக் காவல்காரன். உங்க காலுக்கு அவன் போயிட்டான்" என்று டாக்டரம்மா சொன்னார். "அதனால தினமும் கண்ணால பாக்கணும். உள்ளங்கால், விரல் இடுக்கு எல்லாம். ஷூ போடறதுக்கு முன்னாடி உள்ளே கையை விட்டுப் பாக்கணும். சூடான தண்ணி கால்ல படவே கூடாது. ஒரு சின்னப் புண்ணைக் கவனிக்காம விட்டாலும் விரல் போகும், அப்புறம் காலே போகும்."

அப்போது கணவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டது அவள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு வழக்கம் வந்தது. அவர் வேலை முடிந்து வந்து காலைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். அவள் எதிரே முக்காலியில். கால் அவள் மடியில் வந்து உட்காரும். செல்போன் வெளிச்சத்தை அடித்து ஒவ்வொரு விரலாக விலக்கிப் பார்ப்பாள். பாளம் பாளமாக வெடித்த குதிகாலுக்கு எண்ணெய் தடவுவாள், விரல் இடுக்கில் மட்டும் தடவமாட்டாள். அவர் அன்றைய ஊர்க்கதையெல்லாம் அளப்பார். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு பேசியதில்லை. காலையில் அவர் கிளம்பும் முன் இரண்டு ஷூவுக்குள்ளும் கையை விட்டுத் துழாவிவிட்டுத்தான் வாசலில் வைப்பாள்.

இது எதுவும் வெளியே தெரியாது. தெரிந்தால் பட்டறையில் முதலாளி ஒரு மாதிரி பார்ப்பார், சொந்தக்காரர்கள் உச்சுக்கொட்டுவார்கள் என்று அவருக்குப் பயம். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று அவளிடம் வாக்கு வாங்கியிருந்தார். அவளும் மூச்சு விடவில்லை, கூடப்பிறந்த தம்பியிடம்கூட.

வினை அந்தத் தம்பி வீட்டில்தான் காத்திருந்தது. புது வீட்டுக்குக் குடிபோனதற்கு எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். கணவர் இரண்டாவது இனிப்புக்குக் கையை நீட்டினார். அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். தம்பி பார்த்துவிட்டான்.

"என்ன மாமா, அக்கா உங்களை நல்லா மிரட்டி வச்சிருக்கு போல?"

எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே, அது வேண்டாத இடத்தில்தான் முதலில் பொத்துக்கொண்டு வரும்.

"மிரட்டறாளா? யாரு?" என்றார் அவர் சத்தமாக. "தினமும் சாயங்காலம் என் காலைத் தொடாம உங்க அக்காவுக்குச் சோறு இறங்காது மச்சான். கீழே உக்காந்து காலைத் தொட்டாத்தான் அவளுக்கு அன்னிக்குப் பொழுது முடியும். வேணும்னா கேட்டுப் பாரு!"

கூடம் அதிர்ந்தது. "கொடுத்து வச்சவர்யா!" என்றார் ஒருவர். தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நிஜமாவா அக்கா?" என்றான் தம்பி. உண்மையைச் சொன்னால் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் அவள் மானம் போகும். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் ஒரே ஒரு தடவை பேசினாள். "இனிமே உங்க காலை நீங்களே பாத்துக்குங்க."

"பாத்துக்கறேன். என்ன பெரிய வித்தை!" என்றார் அவர்.

வித்தைதான். குனிந்தால் தொப்பை இடித்தது. காலைத் தூக்கி மடக்கினால் இடுப்புப் பிடித்தது. அவருக்கும் அவர் உள்ளங்காலுக்கும் நடுவே அந்தத் தொப்பை மலைபோல நின்றது. மறுநாள் ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கும் என்று தமக்குத்தாமே சான்றிதழ் கொடுத்துக்கொண்டார்.

அவள் சமைத்தாள், துவைத்தாள், பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கியே வைத்தாள். சாயங்காலம் ஆனால் முக்காலி மூலையில் கிடந்தது. காலையில் ஷூவைப் பார்த்ததும் கை தானாக நீளும். "காலைத் தொடாம சோறு இறங்காது" என்ற குரல் காதில் கேட்கும். கையை இழுத்துக்கொள்வாள். ஒரு நாள் அவர் பேச்சை ஆரம்பிப்பதுபோல் தொண்டையைச் செருமினார். அவள் வேண்டுமென்றே குழாயைத் திறந்துவிட்டாள். இரண்டு பேருக்கும் வீம்பு.

இப்படிச் சில நாள் போனபின் ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. "உடம்பு கணகணன்னு இருக்கு. இன்னிக்கு லீவு" என்று விட்டத்தைப் பார்த்துச் சொன்னார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிளாஸ்க் நிறைய வெந்நீர் ஊற்றி அவர் பக்கத்தில் ணங்கென்று வைத்தாள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அவருடைய காலுறைகளை வாளித் தண்ணீரில் போட்டாள். இடது காலுறையின் அடியில் பழுப்பாக ஒரு கறை. குஷன் ஒட்டுகிற பசையும் அதே நிறம்தான். பேன்ட், சட்டை எல்லாவற்றிலும் அது இருக்கும். சனியன் பிடித்த பசை என்று முணுமுணுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

மதியத்துக்கு முன்பு, கூட வேலை செய்கிறவள் ஒருத்தி அழுக்குப் போர்வைகளை மெஷினுக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் பழுப்புக் கறை இருந்தது.

"ஏய், நில்லு. அது ரத்தம்டி. சுடுதண்ணி மெஷின்ல போட்டா கறை பிடிச்சுக்கும். பச்சைத் தண்ணியில ஊற வை, தானா கரையும்."

"வெந்நீர் அக்காவே வெந்நீர் வேண்டாங்கறாங்களே! மழைதான் வரப் போகுது" என்று அவள் சிரித்தாள்.

வெந்நீர் அக்காவே போர்வையை வாங்கித் தொட்டியில் அமுக்கினாள். கறையிலிருந்து செம்பழுப்பாக ஒரு சாயம் தண்ணீரில் மெல்லப் பிரிந்து பரவியது. அவள் கை அப்படியே நின்றது. காலையில் வாளியிலும் இப்படித்தான் பிரிந்தது. கண் பார்த்தது, மனசு பார்க்கவில்லை. பசை தண்ணீரில் கரையாது. இத்தனை வருடம் அவர் பேன்ட்டில் அதைச் சுரண்டிச் சுரண்டி நகம் தேய்ந்தவளுக்கு அது தெரியாதா? உடம்பு கணகணவென்று இருக்கிறது என்றாரே!

போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. கையைக்கூடத் துடைக்காமல், "வீட்டுக்குப் போறேன்னு சொல்லிடு" என்று கத்திவிட்டு வெளியே ஓடினாள். பஸ் சிக்னலில் போய் நின்றதும் பொறுக்க மாட்டாமல் இறங்கி ஓடினாள். ஷூவுக்குள் ஒரு கையை விட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகாது. "கடவுளே, கால் இருக்கணும், கால் இருக்கணும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறினாள்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளியதும் ஆவி முகத்தில் அடித்தது. அவர் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பேசின். கையில் காலியான கெட்டில். இடது கால் பேசினுக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"உடம்பு வலிக்கு நீ எல்லாருக்கும் சொல்ற வைத்தியம்தான். கால் விரலை விட்டுப் பாத்தேன், சூடே இல்ல. அதான் இன்னொரு கெட்டில்…"

"வைக்காதீங்க!"

அவள் பாய்ந்தாள். பாதம் தண்ணீரைத் தொடுவதற்குள் அதன் அடியில் கையைக் கொடுத்து மேலே தள்ளினாள். கை மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் போய்விட்டது. அவள் அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

அவர் அவள் கையைப் பார்த்தார். தோல் சிவந்து பளபளத்தது. தம் காலைப் பார்த்தார். அவர் தண்ணீரில் விட்டுப் பார்த்த கால் விரலும் அதே சிவப்பில் இருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "ஐயோ, ஐயோ" என்று அவளை இழுத்துக்கொண்டுபோய்க் குழாயைத் திறந்து கையை நீட்டிப் பிடித்தார். பற்பசையை எடுக்கத் துழாவினார்.

"பேஸ்ட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தண்ணியே ஓடட்டும்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "நீங்க முதல்ல உக்காருங்க. அந்தக் காலை ஊனாதீங்க. காட்டுங்க."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தூக்கிக் காட்டினார். சின்ன விரலுக்குக் கீழே உள்ளங்கால் வீங்கிக் கறுத்திருந்தது. நடுவில் துளை ஒன்றல்ல, சல்லடையாகப் பல துளைகள். சீழ் கசிந்தது. அவள் ஈரக் கையோடு நடந்துபோய், வெந்துபோகாத கையை இடது ஷூவுக்குள் விட்டாள். துழாவத் தேவையே இருக்கவில்லை. அடித்தோலைத் துளைத்துக்கொண்டு வந்த ஆணியின் முனை உடனே விரலில் குத்தியது. அவரே அடிக்கிற குஷன் ஆணி. அத்தனை நாளும் அடிக்கு அடி அதன்மேல்தான் அவர் நடந்திருக்கிறார்.

சீழைப் பிதுக்கவும் இல்லை, மேலே எதையும் பூசவும் இல்லை. சுத்தமான துணியால் காலை மூடிவிட்டு அவள் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் வண்டியோடு வந்தான். வழியெல்லாம் "எப்படி மாமா இது? வலிக்கவே இல்லியா?" என்று கேட்டுக்கொண்டு வந்தான். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வாக்கை அப்போதும் காப்பாற்றினாள். அதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

ஆஸ்பத்திரியில் சின்ன விரலை எடுத்துவிட்டார்கள். காலைக் காப்பாற்றிவிட்டோம் என்று டாக்டர் சொன்னபோது அவள் கும்பிட்டாள், கட்டுப் போட்ட கையோடு. பிறகு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"நான் ஷூவுக்குள்ள கையை விட்டிருந்தா உங்க விரல் இருந்திருக்கும்."

"நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா இருந்திருக்கும்" என்றார் அவர்.

வீடு திரும்பியபின் ஒரு சாயங்காலம் தம்பியும் மனைவியும், அன்று சாப்பாட்டில் சிரித்த சொந்தக்காரர்களும் பழத்தோடு பார்க்க வந்தார்கள். வேலையில் அடிபட்டுவிட்டது என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தது. பேச்சு நீண்டது. கால் பார்க்கும் நேரம் வந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூலையில் கிடந்த முக்காலியைப் பார்த்தாள். இவர்கள் போகட்டும் என்று பேசாமல் இருந்தாள். மறுபடியும் அந்தச் சிரிப்பைத் தாங்க அவளிடம் தெம்பு இல்லை.

"ஏம்மா, நேரமாச்சே. வா" என்றார் அவர்.

"எல்லாரும் இருக்காங்க. அப்புறம் பாக்கலாம்."

"இருக்கட்டும். அவங்களும் பாக்கட்டும்." அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "அன்னிக்கு மச்சான் வீட்டுல நான் ஒண்ணு சொன்னேனில்ல? பொய். எனக்குக் கால்ல உணர்ச்சியே கிடையாது, வருஷக் கணக்கா. வெளியே தெரியக் கூடாதுன்னு இவ வாயைக் கட்டிப் போட்டேன். இவதான் தினமும் பாத்துப் பாத்து என்னை நடக்க வச்சா. இவ பாக்காத நாலு நாள்ல விரலைத் தொலைச்சுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பிறகு எழுந்துபோய் முக்காலியை எடுத்து வந்து மாமாவின் எதிரே அக்காவுக்குப் போட்டான். அவளுடைய வலது கையில் கட்டு இருந்ததால், செல்போன் வெளிச்சத்தை அவனே பிடித்தான்.

அவர் காலை எடுத்து அவள் மடியில் வைத்தார். அவள் இடது கையால் ஒவ்வொரு விரலாக விலக்கிப் பார்த்தாள். கட்டுப் போட்ட இடம் வந்ததும் கை கொஞ்சம் நின்றது. பிறகு அடுத்த காலையும் வாங்கி முழுதாகப் பார்த்து முடித்தாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் அவர்.

"ஒன்பதும் நல்லா இருக்கு" என்றாள் அவள்.