ஏரிக்கரையில் வராத கோளாறு

மோட்டார் கம்பெனியில் வண்டி விற்கிறவனுக்குச் சிரித்த முகம் வேண்டும். விற்ற வண்டி திரும்பி வரும்போது எதிரே உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தடித்த தோல் வேண்டும். நான் இரண்டாவது ரகம். ஐம்பதுகளில் நுவரெலியாவில் ஒரு கம்பெனியின் ஒர்க்‌ஷாப் வாசலில் மேசை போட்டு ஆறு வருஷம் புகார் எழுதினேன். புது வண்டி வாங்கி, போட்ட மாலை வாடுவதற்குள் அதைத் தள்ளிக்கொண்டு வந்த அன்பர்களே, உங்கள் சாபமெல்லாம் என் தலையில்தான் விழுந்தது. உங்கள் பக்கம் நியாயம் இருந்தது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது என் கையில் ஒரு ரப்பர் சீல் இருந்தது. ‘சோதித்தோம். குறை இல்லை. ஓட்டும் முறையைக் கவனிக்கவும்’ என்று இங்கிலீஷில் இருக்கும். புகார்ச் சீட்டில் அதைக் குத்திவிட்டால் கம்பெனியின் பொறுப்பு தீர்ந்தது.

ஒரே ஒரு சமதரை

மலைநாட்டில் ஏறாமல் இறங்காமல் போகிற ரோடு அபூர்வம். நுவரெலியா ஏரியைச் சுற்றி அப்படி ஒன்று உண்டு. எங்கள் ஒர்க்‌ஷாப் அதன் பக்கத்திலேயே அமைந்தது கம்பெனி செய்த புண்ணியம். எங்கள் போர்மன் பியசேன பாஸ் சிங்களவர், கெட்டிக்கார மனிதர்தான். ஆனால் எந்த வண்டி வந்தாலும் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “ஒண்ணும் இல்ல, மாத்தயா” என்று சிங்களத்தில் ஓர் ‘ஐயா’ போட்டுச் சாவியை என் மேசையில் வைத்துவிடுவார். ஏரிக்கரையில் எந்த வண்டிதான் ஓடாது? கட்டைவண்டிகூட ஓடும்.

வெள்ளைக்காரத் துரை ஒருவர் புதுக் கார் வாங்கினார். தோட்டத்துக்கு ஏறும்போது ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கிறது என்று இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் கார் ஏரியைச் சுற்றியது, இரண்டு முறையும் நான் சீல் குத்தினேன். மூன்றாம் முறை அவர் என்னிடம் வராமல் கொழும்புக்குக் கடிதம் எழுதினார். உடனே புது ரேடியேட்டர் வந்து இறங்கியது. வண்டியை எடுக்க வந்த அன்று, பழைய சீட்டை என் முன்னால் போட்டு, தோட்டத்தில் பழகிய தமிழில் சொன்னார்: “கிளார்க், நம்ம பங்களா மலைமேல இருக்கு. ஏரிக்குள்ள இல்ல!”

வலப்பக்கம் திரும்பினால்

ஒரு பெரிய கங்காணியின் காருக்கு விசித்திரமான வியாதி. வலப்பக்கம் திரும்பினால் ஹாரன் தானாக அடிக்கும். பியசேன பாஸ் மூன்று சுற்றுச் சுற்றினார், சத்தமே இல்லை. கங்காணியோ சத்தியம் செய்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாஸ் எப்போதும் தண்ணீர் இடப்பக்கம் இருக்கும்படியே சுற்றுவார். வழியெல்லாம் இடப்பக்கத் திருப்பம்.

“பாஸ், இன்றைக்கு மறுபக்கமாகச் சுற்றுங்கள்” என்று நானும் ஏறிக்கொண்டேன். முதல் திருப்பத்திலேயே கார் அலறியது. ஏரியில் படகு விட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பெருமையோடு வந்து, வயர் உரசுகிறது, சாயந்தரத்துக்குள் சரி செய்துவிடலாம் என்றேன். கங்காணி தலையைச் சொறிந்தார். “அவசரமில்லீங்க கிளாக்கரையா. ஹாரன் அடிக்கிறப்பல்லாம் தொரை வர்றாருன்னு நெனச்சு மலையில எல்லாரும் சுறுசுறுப்பா ஆயிடுறாங்க. கொழுந்து கூடுதலா வருது, அப்பிடியே விட்டுருங்கன்னு மலைவேலைய மேற்பார்க்கிற கண்டாக்கையாவே சொல்றாரு.”

கோவா மூட்டையும் இரண்டாம் கியரும்

இனி நான் வெட்கப்படுகிற கதை. கந்தப்பளையில் கடை வைத்திருந்த ஹனீபா நானா எங்களிடம் ஒரு புது வேன் வாங்கினார். கோவா என்று நாங்கள் சொல்கிற முட்டைக்கோஸ், லீக்ஸ் மூட்டைகளை நானுஓயா ஸ்டேஷனுக்கு இறக்குவதும், ரயிலில் வருகிற சனங்களை ஏற்றி வருவதும் அதன் வேலை. டிரைவர் செல்லமுத்து. தோட்டத்தில் பிறந்து, தன் லயத்து வீடுகளிலேயே முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தவன்.

பாரத்தோடு இறக்கத்தில் போகும்போது இரண்டாம் கியர் தானாகக் கழன்றுவிடுகிறது என்பது அவன் புகார். கியர் கழன்றால் வண்டியைப் பிடித்து நிறுத்த பிரேக் ஒன்றுதான் மிச்சம். நானுஓயா இறக்கத்தில் அதுவும் சூடேறிவிட்டால் கடவுள்தான் துணை. இரண்டு முறை வந்தான். இரண்டு முறையும் மூட்டைகளை இறக்கிவிட்டு, வெறும் வேனை பியசேன பாஸ் ஏரிக்கரையில் ஓட்டினார். கியர் அசையவில்லை. நானும் யோசிக்காமல் சீல் குத்தினேன்.

சீலின் கடைசி வரியை யாரோ ஹனீபா நானாவுக்குப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அவர் செல்லமுத்துவையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். அவன் தலை நிமிரவில்லை. நானா கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. “பெரிய கம்பெனி, பொய் எழுதுவாங்களா தம்பி? இவனுக்குக் கியர் போடத் தெரியலன்னுதானே எழுதியிருக்கு. அடுத்த கிழமை வேற டிரைவர் பாக்கப் போறேன்” என்றார்.

கவட்டைக் கம்பு

நானா டீ குடிக்கப் போன சமயம், செல்லமுத்து ஸீட்டுக்கு அடியிலிருந்து ஒரு கவட்டைக் கம்பை எடுத்து வந்தான். தேயிலை மரத்தில் வெட்டிச் செதுக்கியது. இறக்கத்தில் கியர் கழலாமல் இருக்க அதை முட்டுக்கொடுத்துத்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறான். கவட்டை உரசி உரசி வழுவழுவென்று ஆகியிருந்தது. ஒரு மனிதன் பிழைப்பை நான் இரண்டு குத்தில் கெடுத்திருந்தேன்.

கம்பை எடுத்துக்கொண்டு நேரே மெனேஜரிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதை தெரிந்தவர், கம்பெனியை விட்டுக்கொடுக்காதவர். “டிரைவருக்குக் கை பழகேல்லத் தம்பி. சீலைக் குத்தி அனுப்பும்” என்றார். இந்த முறை குத்த மாட்டேன் என்றேன். “அப்ப நீரும் வேற வேலை பாக்க வேண்டி வரும்” என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெளியே வந்து செல்லமுத்துவிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் கம்பை வாங்கிக்கொண்டான். “ஏரியச் சுத்துனது போதும்ங்க. மூட்டையோட ஒருக்கா எறக்கத்துல வந்து பாருங்க. அப்புறம் என்ன வேணா எழுதுங்க.”

நானுஓயா இறக்கம்

மூன்றாம் நாள் வாய்ப்பு வந்தது. கொழும்பிலிருந்து பெரிய என்ஜினியர் ரயிலில் வருகிறார். மெனேஜர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். கம்பெனியின் சொந்தக் காரோ, உதிரிப்பாகம் வராமல் ஜாக்கி மேல் நின்றது. “ஒரு வாகனம் பாரும் தம்பி” என்றார். ஹனீபா நானாவின் வேன் மூட்டையோடு அந்த வழியாகத்தான் போகிறது என்றேன். வேறு வழியில்லாமல் ஏறி முன் ஸீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால் கோவா மூட்டை மேல். கம்பை ஸீட்டுக்கு அடியிலேயே வைத்திரு, மெல்லப் போ என்று செல்லமுத்துவிடம் சொல்லியிருந்தேன். வீரமாகச் சொல்லிவிட்டேனே தவிர, மூட்டைக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

இறக்கம் தொடங்கி இரண்டாவது வளைவில் ‘டக்’ என்றது. கியர் கழன்று வேன் முன்னால் பாய்ந்தது. செல்லமுத்து பதறவில்லை. பிரேக்கை அழுத்தி, கியரைத் திரும்பப் போட்டு, “ஐயா, இதக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க!” என்றான். மெனேஜர் கியர்த் தண்டை இரண்டு கையாலும் பிடித்தார். அவர் தொப்பி விழுந்து முன்னால் உருண்டது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்டேஷன் வரும்வரை கையை எடுக்கவும் இல்லை. அங்கே என்ஜினியர் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார். மெனேஜரின் விரல்கள் இன்னும் மடங்கியபடியே இருந்தன. “கை தர ஏலாமக் கிடக்கு. முதல்ல உந்த வேனுக்குக் கியர்ப் பெட்டி மாத்த வழி செய்யுங்கோ!”

ஒரு சீட்டு

கியர்ப் பெட்டி மாறியது. சீல் இல்லாமல், என் கையெழுத்தில், ‘குறை வண்டியில், டிரைவரிடம் இல்லை’ என்று எழுதி மெனேஜரிடம் நீட்டினேன். வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சீட்டைக் கந்தப்பளைக்கே கொண்டுபோய், கடையில் ஆள் நிறைந்திருந்த நேரத்தில் தமிழில் உரக்கப் படித்தேன். ஹனீபா நானா கல்லாவிலிருந்து எழுந்து வந்து, வேன் சாவியைச் செல்லமுத்துவின் கையில் வைத்து, “மனசுல வச்சிக்காதே” என்றார். அவ்வளவு நாளும் குனிந்தே இருந்த தலை அன்றுதான் நிமிர்ந்தது.

வழியனுப்ப வந்த செல்லமுத்து என் காதோடு சொன்னான்: “மெனேஜரையா கடைசி வரைக்கும் கைய விடவே இல்லீங்க. கம்பெனி வேலை போச்சுன்னா நம்ம வேனுக்குக் கிளீனரா வரச் சொல்லுங்க.”

அதற்குப் பிறகும் எங்கள் வண்டிகள் ஏரியைச் சுற்றத்தான் செய்தன; ஆனால் சீலைக் கையில் எடுக்குமுன் நான் மெனேஜரிடம் போய், “நானுஓயா வரைக்கும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுவோமா ஐயா?” என்று மட்டும் கேட்பேன், அவர் உடனே ரிப்பேருக்குக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிடுவார்.