ஃப்ளெக்ஸில் இரண்டு செல்வராணி

கண் முன்னே ஒரு முகம் மாறிக்கொண்டே போவதை, உடம்பைப் பார்ப்பதற்கென்றே படித்த ஒருவர் எப்படிப் பார்க்காமல் இருக்க முடியும்? எனக்கு விடை தெரியவில்லை.

வியாழன் காலை கல்லூரிக்குக் கிளம்பும்போது செல்வராணியின் கணவர் அழைத்தார். "இதயம் நின்னு போச்சுங்க மேடம்" என்றார்.

நம் வேதியியல் துறைச் செல்வராணியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். விரல் தடித்து, அவருடைய மோதிரத்தை அறுத்துத்தான் எடுத்தார்கள். செருப்புக் கடையில் ஆண்கள் பக்கம்தான் அவர் அளவு கிடைத்தது. ஓய்வறையில் காலை நீட்டி, "காலுதான் வளருது மேடம், பதவி உயர்வைக் காணோம்" என்பார். தாடை நீண்டது, குரல் கனத்தது. கே.கே. நகரில் அவர் காட்டிவந்த மருத்துவர் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எழுதினார். ஒருமுறை நானும் உடன் போனேன். "வயசாகுதும்மா, நடங்க" என்றார். மருந்துச் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

பல்லுக்கு நடுவே இடைவெளி விழுகிறதென்று போன இடத்தில், பல் மருத்துவர்தான் பழைய புகைப்படம் ஒன்றைக் கேட்டு வாங்கி, முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து ஸ்கேனுக்கு அனுப்பினார். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. வளர்ச்சி ஹார்மோனை அளவுமீறிச் சுரந்துகொண்டிருந்தது. மூக்கு வழியாகவே கருவி செலுத்தி எடுத்தார்கள். எடுக்க முடியாத மிச்சத்துக்கு மாத ஊசி. ஊசிக்குப் பதில் விழுங்கும் மாத்திரையும் வந்துவிட்டது என்றார்கள். புதிய மருந்து எதையும் நான் எளிதில் நம்புவதில்லை. ஆனால் அந்த மாத்திரையில் ஹார்மோன் இறங்கியது. இதயம்தான் அதற்கு முன்பே கெட்டுவிட்டிருந்தது.

"மருந்தெல்லாம் இம்புட்டு வந்திருக்கு, நாந்தான் லேட்டு. அந்த டாக்டர் ஒரு தடவ என் மூஞ்சியப் பார்த்திருக்கலாம்" என்றார் செல்வராணி.

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்குக் கணவர் கல்யாணமான புதிதில் எடுத்த படத்தைக் கொடுத்தார். பக்கத்திலேயே போன மாதப் படத்தையும் வைக்கச் சொன்னேன்.

"அவ அழகா இருந்த படமே போதுமே மேடம்."

"அழகுக்கு இல்லங்க. அந்த டாக்டர் பாக்கணும்."

கொஞ்சம் யோசித்தார். "அப்பப் பெருசாவே அடிக்கச் சொல்லுங்க."

பழங்காநத்தத்தில் அவர்கள் வீட்டு வாசலில் ஒன்று, கே.கே. நகரில் மருத்துவரின் கிளினிக்குக்கு எதிரில் ஒன்று. அன்று மாலையே கட்டினோம். அந்த ஆள் வெட்கி நிற்க வேண்டும் என்று விரும்பினேன், இப்போதும் விரும்புகிறேன். செல்வராணியிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்த இரண்டு படங்களும் இந்தக் கோபமும்தான்.

மறுநாள் நடந்தது இது. காலையில் போய் ஃப்ளெக்ஸுக்குப் பக்கத்தில் நின்றேன். மருத்துவர் காரை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

"பாவம். அக்கா தங்கச்சியா? ரெண்டு பேரும் ஒண்ணாவா போயிட்டாங்க?" என்று கேட்டார்.

"ஒரே ஆளுதான் டாக்டர். உங்க பேஷண்ட்."

அவர் மறுபடி தலையை நிமிர்த்திப் பார்த்தார். நான் அங்கிருந்து நகரும்வரை குனியவில்லை.